பழைய நில அளவுகளும் ஹெக்டேர் கணக்கும்

காவிரிப் பாசனப் பிரதேசத்திலே பரம்பரையாக நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் பத்திரப் பெட்டியைத் திறந்து பார்ப்போமானால், பெரும்பாலும் மூவகைத் தஸ்தாவேஜுகள் அதில் இருக்கக் காணலாம். பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் நிலத்தின் விஸ்தீரணத்தை வேலி, மா, காணி என்று கூறும். தந்தையார் காலத்துக் கிரயப் பத்திரம் ஏக்கர், செண்டு என்று கூறும். தற்காலத்துப் பட்டாவோ ஹெக்டேர், ஏர் என்று கூறும். மூன்றும் ஒரே நிலத்தைக் குறிப்பவையே. ஆயினும், ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப் பார்க்கத் தெரியாமையால், சகோதரர்களுக்குள் மனஸ்தாபமும், அண்டை நிலத்தாரோடு வழக்கும், உரமிடுவதிலே நஷ்டமும் உண்டாகின்றன. இக்குறையை நீக்கும் பொருட்டு, தஞ்சை, செங்கற்பட்டுப் பகுதிகளில் வழங்கிய பழைய அளவுகளை மெட்ரிக் அளவுகளுக்கு மாற்றும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது.

அளவுகள் வந்த வரலாறு

நிலத்தை அளந்து கணக்கில் ஏற்றும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில், கி.பி. 1001-ஆம் ஆண்டையொட்டி, சோழ நாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. பின்னர் முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1086-ஆம் ஆண்டில், மீண்டும் ஓர் அளவை நிகழ்ந்தது. அக்காலத்துக் கல்வெட்டுக்களில் வேலியையும் அதன் மிக நுண்ணிய பின்னங்களையும் கொண்டு நிலம் குறிக்கப்பட்டிருக்கிறது. அளப்பதற்குப் பயன்பட்டது கோல். கோலின் நீளம் எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் எனப் பலவகைக் கோல்கள் வழங்கின. சில கோயில்களின் சுவர்களில், அவ்வூரில் வழங்கிய கோலின் நீளம் கோடாகப் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தகராறு நேர்ந்தால் ஊரார் அனைவரும் அறியக்கூடிய ஓர் ஆதாரமாக அக்கோடு விளங்கிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஏக்கர் அளவு வந்தது. அதற்குரிய கருவி சங்கிலி. எட்மண்ட் கண்டர் என்பவர் 1620-ஆம் ஆண்டில் அமைத்த இச்சங்கிலி 66 அடி நீளமும் 100 லிங்குகளும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர்; ஏக்கரில் நூறில் ஒரு பங்கு செண்டு. சென்னை மாகாணத்துப் புலப்படங்களும் கணக்குகளும் நெடுங்காலம் இம்முறையிலேயே தயாரிக்கப்பட்டு வந்தன.

சுதந்திரத்திற்குப் பின், 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தால் மெட்ரிக் முறை நாடு முழுவதற்கும் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1979-ஆம் ஆண்டில் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்குப் பிறகு, பட்டா, சிட்டா ஆகியவற்றில் ஹெக்டேர், ஏர் அளவுகளே நிலைபெற்றன. பழைய அளவுகளை விரல்நுனியில் வைத்திருந்த கர்ணம் பதவி 1980-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆதலால், முன்பு கர்ணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்களை இப்பொழுது நிலச்சுவான்தார்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தாமே கணக்கிட்டு அறிதல் அவசியமாகிறது.

அடிப்படை வாய்பாடு

எல்லாவற்றிற்கும் பொதுவான அளவாகச் சதுர அடியை வைத்துக்கொண்டால் குழப்பம் நேராது. ஓர் அடி 30.48 சென்டிமீட்டர். எனவே ஒரு சதுர அடி 0.0929 சதுர மீட்டர்.

மெட்ரிக் அளவுகள்:
100 சதுர மீட்டர் = 1 ஏர்
100 ஏர் = 1 ஹெக்டேர்
1 ஏர் = 1,076.4 சதுர அடி = 2.471 செண்டு
1 ஹெக்டேர் = 2.471 ஏக்கர்

ஏக்கர் அளவுகள்:
1 செண்டு = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்
1 ஏக்கர் = 100 செண்டு = 43,560 சதுர அடி = 40.47 ஏர்

தஞ்சை அளவுகள் (12 அடிக் கோல்):
1 குழி = 144 சதுர அடி = 13.38 சதுர மீட்டர்
100 குழி = 1 மா = 14,400 சதுர அடி = 33.06 செண்டு = 13.38 ஏர்
20 மா = 1 வேலி = 2,88,000 சதுர அடி = 6.61 ஏக்கர் = 2 ஹெக்டேர் 67.56 ஏர்

செங்கற்பட்டு, சென்னை அளவுகள் (24 அடிக் கோல்):
1 குழி = 576 சதுர அடி = 53.51 சதுர மீட்டர்
100 குழி = 1 காணி = 57,600 சதுர அடி = 1.32 ஏக்கர் = 53.51 ஏர்
1 மனை = 2,400 சதுர அடி = 5.51 செண்டு = 2.23 ஏர்
24 மனை = 1 காணி

மேற்படி வாய்பாட்டைக் கூர்ந்து நோக்கின், இரு பகுதிகளின் அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பது விளங்கும். ஒரு மா ஆறு மனைக்குச் சமம். ஒரு காணி நான்கு மாவுக்குச் சமம். ஐந்து காணி ஒரு வேலிக்குச் சமம். இப்பொருத்தத்தை நினைவில் வைத்துக்கொண்டால், வாய்பாடு கையில் இல்லாத சமயத்திலும் மனக்கணக்காகவே சரிபார்த்துக்கொள்ளலாம். மாவின் அளவை மனத்தில் பதித்துக்கொள்ள வேறோர் எளிய வழியும் உண்டு. பக்கத்திற்கு 120 அடியுள்ள சதுர வயல் ஒரு மா ஆகும்.

மாவை ஏராக மாற்றுவதற்குச் சுருக்கமான சூத்திரம் ஒன்று: மாவின் எண்ணிக்கையை 13.375-ஆல் பெருக்குக. இதனால் நேரும் பிழை ஒரு வேலிக்கு 6 சதுர மீட்டரே. அஃதாவது அரைக் குழிக்கும் குறைவு.

வழக்கமாக நேரும் பிழைகள்

முதலாவது, "மூன்று மா ஓர் ஏக்கர்" என்னும் வாய்மொழிக் கணக்கு. பேச்சுக்கு இது போதும், பத்திரத்துக்குப் போதாது. மூன்று மா 43,200 சதுர அடி; ஏக்கரோ 43,560 சதுர அடி. ஏக்கர் ஒன்றுக்கு 360 சதுர அடி வித்தியாசம். இக்கணக்கின்படி ஒரு வேலியை ஏக்கராக்கினால், உள்ளதைக் காட்டிலும் 2,400 சதுர அடி மிகுதியாக வரும். அஃதாவது, வேலிக்கு ஒரு மனை இல்லாத நிலம் காகிதத்தில் ஏறிவிடுகிறது. வாங்குபவர் அதற்கும் சேர்த்துக் கிரயம் கொடுத்துவிடுவார்.

இரண்டாவது, காணி என்னும் சொல்லால் வரும் மயக்கம். இதுவே எல்லாவற்றிலும் பெரிய பிழைக்கு இடமாவது. செங்கற்பட்டுக் கணக்கில் காணி என்பது 57,600 சதுர அடியுள்ள ஓர் அளவு. ஆனால் தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. வேலியை முழு எண்ணாக வைத்து எழுதும் தஞ்சைப் பத்திரங்களில், மாவுக்குப் பின்னர் வரும் காணி வேலியில் எண்பதில் ஒரு பங்கு. அதாவது கால் மா. அதன் பரப்பு 25 குழி, அல்லது 3,600 சதுர அடியே. ஒரே சொல்லால் வழங்கும் இவ்விரு காணிகளுக்கும் பதினாறு மடங்கு வித்தியாசம் உண்டு.

ஓர் உதாரணம் காண்போம். பழைய பத்திரம் ஒன்றில் "வேலி 1, மா 3, காணி 2" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வேலி 1 = 2,88,000 சதுர அடி
மா 3 = 43,200 சதுர அடி
காணி 2 = 7,200 சதுர அடி
ஆக மொத்தம் = 3,38,400 சதுர அடி

இதனை 43,560-ஆல் வகுக்க, 7 ஏக்கர் 77 செண்டு ஆகிறது. 0.0929-ஆல் பெருக்கினால் சுமார் 31,438 சதுர மீட்டர். அஃதாவது 3 ஹெக்டேர் 14.38 ஏர். இக்காணியைச் செங்கற்பட்டுக் காணியாகக் கருதிக் கணக்கிட்டிருந்தால், மொத்தம் 4,46,400 சதுர அடி, அதாவது 10 ஏக்கர் 25 செண்டு என்று வந்திருக்கும். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் வித்தியாசம்! இவ்வாறு கணக்கிட்டுக்கொண்ட ஒருவர், தம் நிலத்தை அண்டை நிலத்தார் ஆக்கிரமித்துவிட்டதாகக் கருதி நியாயஸ்தலம் செல்வாரானால், அவர் செலவிடும் பணமும் காலமும் ஒரு சொல்லைத் தவறாகப் படித்ததன் பலனேயாகும்.

எந்தக் காணி என்று அறிவது எப்படி? பத்திரங்களில் பேரளவு முன்னும் சிற்றளவு பின்னுமாக எழுதுவது மரபு. மாவுக்குப் பின் காணி வருமானால் அது சிறு காணி. காணி முதலில் நின்று, அதன்பின் குழியோ மனையோ வருமானால் அது பெருங்காணி.

மூன்றாவது, குழியின் வேறுபாடு. 12 அடிக் கோலால் 144 சதுர அடியும், 24 அடிக் கோலால் 576 சதுர அடியும் குழி எனவே வழங்கின. ஒன்று மற்றொன்றைப்போல் நான்கு மடங்கு. வேறு சில ஊர்களில் வேறு நீளமுள்ள கோல்களும் வழங்கின. ஆகையால், குழி என்று கண்டவுடன் பெருக்கத் தொடங்காமல், முதலில் அப்பத்திரத்தில் கோலின் அளவு கூறப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். கோலின் நீளத்தை அடியாகக் கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கின் குழியின் சதுர அடி கிடைக்கும். உதாரணமாக, 18 அடிக் கோல் என்றிருந்தால் குழி 324 சதுர அடி; அஃதாவது 30.10 சதுர மீட்டர்.

நான்காவது, ஏரைச் செண்டு என்று கொள்ளுதல். சிட்டாவில் "ஹெக்டேர் - ஏர்" என்னும் தலைப்பின்கீழ் "0 - 42.50" என்று இருந்தால், அது 42.50 ஏர், அதாவது 4,250 சதுர மீட்டர். இது 1 ஏக்கர் 5 செண்டு. தஞ்சைக் கணக்கில் 3 மா 17 குழியும் சற்று மிகுதியும். இதனையே நாற்பத்திரண்டரைச் செண்டு என்று எண்ணி விலை பேசுபவர், தம் நிலத்தில் அறுபத்திரண்டரைச் செண்டை இனாமாகக் கொடுப்பவர் ஆகிறார். எழுத்தறிவு குறைந்த முதியோரும், கணவனை இழந்த பெண்களும் இவ்வகையில் ஏமாறாதபடி கிராம அலுவலர்கள் பட்டா நகல் வழங்கும்போதே செண்டுக் கணக்கையும் வாயால் எடுத்துச் சொல்வது பேருதவியாகும்.

ஐந்தாவது, லிங்கை அடியாகக் கொள்ளுதல். பழைய புலப்படங்களில் பக்க அளவுகள் லிங்குகளில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு லிங்கு 20.12 சென்டிமீட்டர், ஆயிரம் சதுர லிங்கு ஒரு செண்டு. படத்தில் 150, 200 எனப் பக்கங்கள் காணப்படும் நீள்சதுர நிலம் 30,000 சதுர லிங்கு, அதாவது 30 செண்டு, அல்லது 12.14 ஏர் ஆகும். அதையே அடியாகக் கருதினால் சுமார் 69 செண்டு என்று வரும். அடி, லிங்கு, மீட்டர் ஆகியவற்றுள் எதில் படம் வரையப்பட்டது என்பதை அறியாமல் அதைக்கொண்டு நிலத்தை அளக்கலாகாது.

வயலை அளக்கும்போது

கணக்கு சரியாயிருந்தும் அளவு தவறாயிருந்தால் பயனில்லை. எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அப்பாதிகளை ஒன்றோடொன்று பெருக்கிப் பரப்புக் காணும் வழக்கம் கிராமங்களில் உண்டு. நான்கு மூலைகளும் மூலைமட்டத்துக்குச் சரியாக இருந்தாலன்றி, இம்முறை எப்பொழுதும் உள்ளதைவிட மிகுதியான பரப்பையே காட்டும். நான்கு பக்கமும் 60 அடியாக இருந்து, சாய்ந்த வடிவினதான ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். மேற்படி முறைப்படி 3,600 சதுர அடி, அதாவது 25 குழி என்று வரும். எதிர்வரப்புகளுக்கு இடையே செங்குத்தான தூரம் 54 அடி என்றால், உண்மையான பரப்பு 3,240 சதுர அடியே, 22½ குழி. நூற்றுக்குப் பத்து வீதம் பிழை.

சரியான முறை பின்வருமாறு. வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடித்து அத்தூரத்தை அளக்க. மற்ற இரு மூலைகளிலிருந்தும் அக்கயிற்றுக்குச் செங்குத்தாக உள்ள தூரங்களை அளந்து கூட்டுக. அக்கூட்டுத் தொகையைக் கயிற்றின் நீளத்தால் பெருக்கிப் பாதியாக்க, பரப்புக் கிடைக்கும். மீட்டர் நாடாவால் அளந்தால் கிடைப்பது சதுர மீட்டர். அதனை நூறால் வகுக்க ஏர் ஆகும். பல மூலைகளுள்ள வயலை முக்கோணங்களாகப் பிரித்து இவ்வாறே கணக்கிடலாம். இது சொந்த உபயோகத்திற்கு மட்டுமே. எல்லைத் தகராறு இருப்பின் உரிய மனுச் செய்து அரசு நில அளவரைக்கொண்டு அளப்பதே முறை.

விதைப்பாட்டுக் கணக்கு

திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பகுதிகளில் நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று கூறுவதுண்டு. அது, அவ்வளவு விதை கொள்ளும் நிலம் என்று பொருள்படும். நிலத்தின் வளத்திற்கும், நேர்விதைப்பா நடவா என்பதற்கும், படியின் அளவிற்கும் ஏற்ப இது மாறக்கூடியது. ஆதலால் இவ்வகைப் பத்திரங்களை வாய்பாட்டைக்கொண்டு மாற்ற முற்படாமல், புல எண்ணைக் கண்டறிந்து, அளவைக் கணக்கிலுள்ள பரப்பையே கொள்ளுதல் நலம்.

சாகுபடியில் இதன் பயன்

பத்திரத்தோடு இவ்விஷயம் முடிந்துவிடுவதில்லை. விதை, உரம், பூச்சி மருந்து ஆகியவற்றின் சிபாரிசுகள் பெரும்பாலும் ஹெக்டேருக்கு இவ்வளவு என்றே வெளியிடப்படுகின்றன. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருப்பதால், ஹெக்டேருக்கு வேண்டிய யூரியா சுமார் 326 கிலோ. ஏக்கருக்கு 132 கிலோ. ஒரு மாவுக்கு 43½ கிலோ. அதாவது 45 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இதனையும் ஒரே தடவையில் இடாமல் பகுதி பகுதியாக இடவேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஹெக்டேருக்குச் சொன்ன அளவை ஏக்கருக்கு என்று கருதி இடுபவர், வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இடுகிறார். பணம் வீணாவதோடு, பயிர் மிதமிஞ்சித் தழைத்துச் சாய்ந்துவிடும். குலைநோயும், புகையானும், இலைச்சுருட்டுப் புழுவும் வந்தடையும். பயிர் கெட்டதற்கு விதையையும் வானத்தையும் நொந்துகொள்வோர், தாம் இட்ட உரத்தின் கணக்கை ஒருமுறை திரும்பப் பார்ப்பது நன்று.

பத்திரமும் பட்டாவும் வேறுபட்டால்

மேற்கூறிய முறையில் மாற்றியபின்னும் பத்திரத்தின் பரப்பும் பட்டாவின் பரப்பும் சிறிதளவு வேறுபடக்கூடும். பழைய அளவு கோலாலும் சங்கிலியாலும் எடுக்கப்பட்டது. வரப்பு, வாய்க்கால் ஆகியவை சில இடங்களில் சேர்க்கப்பட்டும் சில இடங்களில் விடப்பட்டும் இருக்கலாம். ஆதலால் ஒன்றிரண்டு குழி வேறுபாட்டுக்காக விரோதம் பாராட்ட வேண்டியதில்லை. வேறுபாடு மிகுதியாயின், முதலில் மாற்றுக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்; இரண்டாவதாக, உட்பிரிவு எண் சரியா என்று காண வேண்டும்; மூன்றாவதாக, நான்கெல்லைகளை நேரில் சென்று பார்க்க வேண்டும். பத்திரத்தில் கூறிய எல்லைகளுக்கும் பரப்புக்கும் முரண் நேரும்போது, எல்லைகள் தெளிவாக இருந்தால் பொதுவாக அவற்றையே முதன்மையாகக் கொள்வது வழக்கம். எனவே எல்லைக் கற்களைப் பெயர்க்காமலும், புதைந்துபோக விடாமலும் காப்பது ஒவ்வொரு நிலச்சுவான்தாரின் கடமையாகும்.

கவனிக்க வேண்டியவை

1. பழைய பத்திரத்தைப் படிக்கும்போது முதலில் ஊரையும் கோலையும் அறிக, பின்னரே பெருக்குக.
2. எல்லா அளவுகளையும் சதுர அடிக்கு மாற்றிக் கூட்டியபின், கடைசியில் மட்டும் ஏராக்குக. இடையிடையே பின்னங்களை விட்டுவிட்டால் பிழை பெருகும்.
3. காணி என்னும் சொல் வந்தால், மாவுக்கு முன்னா பின்னா என்று நோக்குக.
4. புதிதாக எழுதும் பத்திரங்களில் ஹெக்டேர், ஏர் அளவோடு ஏக்கர், செண்டையும், ஊர் வழக்கிலுள்ள மா, குழியையும் சேர்த்தே எழுதுவிக்க.
5. பெட்டியிலுள்ள ஒவ்வொரு பத்திரத்திற்கும் மாற்றுக் கணக்கை ஒரு தனித்தாளில் எழுதி அதனுடன் வைக்க. மூலப் பத்திரத்தின்மேல் எதையும் எழுதலாகாது.

வேலியும் மாவும் பேச்சு வழக்கிலிருந்து மெல்ல மறைந்து வருகின்றன. அவற்றை அறிந்த பெரியோர்கள் இருக்கும்போதே, தத்தம் ஊரில் வழங்கிய கோல் எத்தனை அடி, குழி எவ்வளவு என்பதைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு இளைய விவசாயிகளைக் கேட்டுக்கொள்கிறோம். கிராம நிர்வாக அலுவலர்களும் மேற்படி வாய்பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதி, தங்கள் அலுவலகச் சுவரில் மக்கள் பார்வைக்கு வைப்பார்களாயின், நாளைக்கு நேரக்கூடிய பல தகராறுகள் இன்றைக்கே தீர்ந்துவிடும்.